லிசியூ மடத்தில் ஒன்பது ஆண்டுகள்



நமது ஆலயத்தின் பக்கப் பீடத்தில் குழந்தை தெரேசம்மாளின் சுரூபம் இருப்பதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கைகளில் பாடுபட்ட சுரூபமும் ரோஜா மலர்களும் ஏந்தி, சற்றே தலை சாய்த்து நிற்கிறார். அவரது திருநாளை அக்டோபர் 3-ஆம் நாள் கொண்டாடிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1969-இல் வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்ட பின் அது அக்டோபர் 1 ஆயிற்று. அன்று பீடம் முழுவதும் ரோஜாவாகவே இருக்கும். ஆயினும் அந்தப் புனிதை யாருடன் வாழ்ந்தார், எப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவே புனிதையானார் என்று கேட்டால் நம்மில் பலருக்கு விடை தெரியாது. ரோஜா மட்டுமே தெரியும்.

பொன்விழா மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க் குழுவினர் வந்தபோது, ஆலயம் எழும்பிய வரலாறு, மணி வந்த வரலாறு, கெபி கட்டிய வரலாறு ஆகியவற்றை எழுதப் பலர் முன்வந்துவிட்டார்கள் என அறிந்தோம். அவற்றை எம்மைவிட நன்றாக அவர்களே எழுதுவார்கள். எனவே நாம் வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டோம். பிரான்சு நாட்டின் நோர்மண்டிப் பகுதியில் உள்ள லிசியூ என்னும் சிற்றூரின் கர்மேல் மடத்தில், 1888 முதல் 1897 வரை, சுமார் இருபத்தைந்து பெண்கள் ஒரே கூரையின் கீழ் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே அது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13-ஆம் அதிகாரத்தைத் திருமணப் பூசைகளில் அடிக்கடி கேட்கிறோம். அன்பின் குணங்களை அடுக்கத் தொடங்கும் அப்போஸ்தலர், அனைத்துக்கும் முதலில் வைப்பது பொறுமையை. குருமடத்தில் கிரேக்கம் கற்பித்த எமது பேராசிரியர் இந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிடுவார். அங்கே வரும் சொல்லைப் பிரித்தால் 'நீண்ட' என்றும் 'சினம்' என்றும் இரு பகுதிகள் வரும். சினம் வந்துசேர நெடுந்தூரம் நடக்கவேண்டியவர் என்று பொருள் கொள்ளலாம் என்பார். துன்பத்தைத் தாங்குவதற்குச் சின்னப்பர் வேறு சொல் வைத்திருக்கிறார். இந்த முதற்சொல் மனிதர்களைத் தாங்குவதற்கு உரியது. காய்ச்சலைத் தாங்குகிறவர் பலர். காய்ச்சல் திரும்பிப் பேசாது. பக்கத்து வீட்டுக்காரர் பேசுவார்.

தெரேசா 1873 சனவரி 2-ஆம் நாள் அலான்சோன் நகரில் பிறந்தவர். தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி பின்னல் சரிகைத் தொழில் நடத்தியவர். தாய் 1877-இல் இறந்தார். அப்போது குழந்தைக்கு வயது நான்கு. குடும்பம் லிசியூவுக்குக் குடிபெயர்ந்தது. அக்காள்மார் பவுலின், மரியா இருவரும் ஒருவர் பின் ஒருவராகக் கர்மேல் மடம் புகுந்தனர். 1888 ஏப்ரல் 9-ஆம் நாள், பதினைந்தாம் வயதில், தெரேசாவும் அங்கே நுழைந்தார். உரோமாபுரி சென்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயரின் பாதத்தில் விழுந்து அனுமதி கேட்ட கதை உங்களுக்குத் தெரிந்ததே. அதை மீண்டும் சொல்லப்போவதில்லை.

மடத்தில் நுழைந்த பின் அவர் முதன்முதலாகத் தாங்கவேண்டி வந்தது தம் சொந்த வீட்டுத் துயரத்தை. தந்தைக்கு மூளை நோய் கண்டது. 1888 சூன் மாதத்தில் வீட்டில் சொல்லாமல் வெளியேறிய அவரைத் துறைமுக நகரான லெ ஆவ்ரில் தேடிப்பிடிக்க வேண்டியதாயிற்று. 1889 சனவரி 10-ஆம் நாள் மகள் துறவு உடை பெற்றபோது அவர் மகிழ்ச்சியோடு உடனிருந்தார். ஒரு மாதம்தான். பிப்ரவரி 12-ஆம் நாள் கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். மூன்றாண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். பெண்களெல்லாம் மடத்துக்குப் போனதால்தான், அதிலும் கடைக்குட்டி போனதால்தான், கிழவருக்குப் பித்துப் பிடித்தது என்று ஊரார் பேசினார்கள். லிசியூ ஆனாலென்ன, நமது ஊர் ஆனாலென்ன, டீக்கடைப் பேச்சு ஒன்றுதான்! 1890 செப்டம்பரில் தெரேசா கறுப்பு முக்காடு பெற்ற நாளில் தந்தை வரமுடியவில்லை. அன்று அவர் அழுதார் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். அழுதது பொறுமைக் குறைவு என்று நாம் கருதவில்லை. தந்தை 1892-இல் வீடு திரும்பி, 1894 சூலை 29-இல் இறந்தார். அதுவரை அவரைப் பராமரித்தவர்களில் முதன்மையானவர் நான்காவது மகள் செலின். அவர் தாமும் மடம் புகவேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு காத்திருந்து, தந்தையை அடக்கம் செய்த பிறகே, அந்த செப்டம்பரில் கர்மேலில் சேர்ந்தார். பீடத்தில் செலினுக்குச் சுரூபம் இல்லை. படுத்த படுக்கையான தாய் தந்தையரைப் பேணிக்கொண்டு திருமணத்தையோ துறவையோ தள்ளிப்போடும் பெண்கள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். அவர்களை எண்ணியே இதை இங்கே எழுதினோம்.

இனி மடத்துக்குள் செல்வோம்.

கர்மேல் மடம் என்றால் வானதூதர்கள் குடியிருக்கும் இடம் என்று எண்ணிவிடக் கூடாது. பொதுவான ஓர் அறையைத் தவிர வேறெங்கும் கணப்பு இல்லை. நோர்மண்டியின் குளிரில் தாம் பட்ட வேதனையைத் தெரேசா சாகும் தறுவாயில்தான் வெளியே சொன்னார். பேச்சுக்கு நேரம் உண்டு, மௌனத்துக்கு நேரம் உண்டு. ஆனால் ஒருவரை விட்டு ஒருவர் விலகிப்போக வழி கிடையாது. நமக்கு ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் வேறு பூசைக்கு வருகிறோம், வேறு தெரு வழியாகப் போகிறோம். அடைபட்ட மடத்தில் அதே முகங்களைத்தான் சாகும்வரை பார்க்கவேண்டும்.

தலைவியாகப் பல ஆண்டுகள் இருந்தவர் மரி தே கொன்சாகா தாயார். உயர்குடியில் பிறந்தவர், திறமை மிக்கவர், மனநிலை மணிக்கு மணி மாறுகிறவர். இளம் தெரேசாவிடம் அவர் மிகக் கண்டிப்பாக நடந்துகொண்டார். பக்தி நூல்கள் சில இவரைக் கொடுமைக்காரியாகத் தீட்டுகின்றன. அது நியாயமன்று. தெரேசாவை மதிப்பிடத் தெரிந்தவரும் அவரே. நவகன்னியரைப் பயிற்றும் வேலையில் தெரேசாவைத் துணையாக அமர்த்தியவரும், அவரது கடைசிக் கையேட்டை எழுதச் சொன்னவரும் அவரே. அதே வேளையில் மார்ட்டின் குடும்பத்துச் சகோதரிகள் ஒரே மடத்தில் நால்வராகப் பெருகியது பிறருக்கு உறுத்தாமல் இருந்திருக்காது. நமது சங்கங்களில் ஒரே குடும்பத்தார் நால்வர் பொறுப்பில் இருந்தால் நாம் என்ன பேசிக்கொள்வோம்? 1896 மார்ச்சு 21-ஆம் நாள் நடந்த தேர்தலில் ஏழு முறை வாக்கெடுத்த பிறகே கொன்சாகா தாயார் தலைவியானார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர் தெரேசாவின் அக்காள் பவுலின். ஏழு முறை வாக்கெடுக்க வேண்டியிருந்ததே என்று கொன்சாகா தாயார் உள்ளம் கசந்து போனார். அப்போது தெரேசா என்ன செய்தார்? அக்காளின் தோல்விக்காக முகம் திருப்பிக்கொள்ளாமல், வென்றும் மனமுடைந்து கிடந்த அந்த முதியவருக்கு, சூன் மாதத்தில், ஆட்டுக்குட்டியும் ஆயர்ப் பெண்ணும் வரும் ஒரு கதையாக ஆறுதல் கடிதம் எழுதினார். இருபத்து மூன்று வயதுப் பெண் அறுபதை மிதித்தவருக்கு எழுதிய கடிதம் அது. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன், பெரிய வியாழன் இரவில், தெரேசா முதன்முறையாக இரத்தம் கக்கியிருந்தார் என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

அவரது தொடக்க ஆண்டுகளில் நடந்த ஒன்று, பல ஆண்டுகளாக எம் மனத்தை விட்டு அகலாதது. புனித இராயப்பரின் பெயர் தாங்கிய ஒரு முதிய சகோதரி மடத்தில் இருந்தார். நோயாளி, நடக்க முடியாதவர், யாரைக் கண்டாலும் குறை சொல்பவர். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் முன்பு அவரைச் செபக்கூடத்திலிருந்து உணவறைக்கு யாராவது அழைத்துச் செல்லவேண்டும். யாரும் விரும்பாத அந்த வேலையைத் தெரேசா தாமாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாலைத் தியானத்தின் நடுவே கிழவி தம் மணற்கடிகாரத்தை எடுத்து ஆட்டுவார். புறப்படு என்று பொருள். பிறகு சடங்கு தொடங்கும். இருக்கையை இன்ன விதமாக நகர்த்தவேண்டும். அவசரப்படக் கூடாது. பின்னால் நின்று இடைக்கச்சையைப் பிடித்துக்கொண்டு நடக்கவேண்டும். சற்று வேகமாகப் போனால், விழத் தள்ளுகிறாய் என்பார். மெதுவாகப் போனால், உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாய் என்பார். கடைசியில், உனக்கு வயது போதாது, உன்னால் என்னை அழைத்துப் போக முடியாது என்று முன்பே சொன்னேனே என்பார். உணவறையில் அவரை அமரவைத்து, சட்டைக் கைகளை அவர் சொல்லும் விதமாகவே மடித்துவிட்டால் வேலை முடிந்தது.

அதன் பின் தெரேசா போய்விடலாம். ஆனால் முடங்கிய விரல்களால் கிழவி ரொட்டியை வெட்டத் தடுமாறுவதைச் சில நாட்களில் கவனித்துவிட்டார். அன்றுமுதல் ரொட்டியையும் வெட்டிக் கொடுத்து, ஒரு புன்னகையும் தந்த பிறகே போனார். யாரும் கேட்காத இந்தச் சிறு உதவிதான் கிழவியின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது.

குளிர்கால மாலை ஒன்றில் இவ்வாறு அழைத்துச் செல்கையில் தொலைவில் எங்கோ இசைக்கருவிகளின் ஒலி கேட்டதாம். விளக்குகள் ஒளிரும் கூடம், நல்லுடை அணிந்த இளம்பெண்கள், நயமான பேச்சு எல்லாம் அவர் கண்முன் தோன்றின. அருகிலோ முனகும் நோயாளி, மங்கிய வெளிச்சம், செங்கல் சுவர். அந்த நடனக் கூடத்துக்காக இந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்கமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியதாம். அவருக்கு அன்று கிடைத்த ஒளி நமக்கு எல்லா நாளும் கிடைப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும்போது, முன்பு நாம் இருந்த பங்கில் ஒரு பாட்டி, மாதந்தோறும் அதே கதையை அதே இடத்தில் தொடங்கி அதே இடத்தில் முடிப்பார். ஒருநாள் நாம் அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டோம். அவர் அதைக் கண்டார். "சாமிக்கு வேலை இருக்கும், போய்ட்டு வாங்க" என்றார். அடுத்த மாதம் கதை சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் அடக்கத்திற்குப் போனோம்.

செபக்கூடத்தில் தெரேசாவுக்குப் பின்னால் அமர்ந்த ஒரு சகோதரி ஓயாமல் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டிருப்பார். ஒருமுறை திரும்பி முறைத்துவிட்டால் நின்றுவிடும் என்று தெரிந்தும், அவரைப் புண்படுத்தக் கூடாது என்று தெரேசா திரும்பவில்லை. வியர்த்துக் கொட்டியதாம். பின்பு அச்சத்தத்தையே உற்றுக் கேட்டு, அதை ஓர் இன்னிசைபோல் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்றவர் அழுக்கு நீரை அவர் முகத்தில் தெறித்துக்கொண்டே இருந்த கதையும் இத்தகையதே. இவை சிறியவை என்று நீங்கள் சிரிக்கலாம். பெரிய காரணத்துக்காகப் பிரிந்த குடும்பங்களைவிட, சாப்பிடும்போது எழுப்பும் சத்தத்தாலும் கதவைச் சாத்தும் விதத்தாலும் கசந்துபோன குடும்பங்களையே நாம் அதிகம் கண்டிருக்கிறோம்.

சத்தம் போடும் சகோதரிகளைவிடப் பெரிய சோதனை வேறொருவர். எல்லாவற்றிலும் தமக்குப் பிடிக்காதவராக இருந்த ஒரு சகோதரியைப் பற்றித் தெரேசா எழுதுகிறார். நடை, சொல், குணம் எதுவுமே பிடிக்கவில்லை. காரணமும் இல்லை. அன்பு என்பது உணர்ச்சியில் நிற்கக் கூடாது, செயலில் தெரியவேண்டும் என்று எண்ணி, அவரைச் சந்திக்கும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார். முடிந்த உதவியெல்லாம் செய்தார். கடுமையாகப் பதில் சொல்ல வாய் துடித்தால் புன்னகை செய்து பேச்சை மாற்றினார். இதுவரை எல்லா மறையுரைகளிலும் வருவதுதான். ஆனால் மறையுரைகளில் வராத ஒன்றையும் அவர் எழுதியிருக்கிறார்: போராட்டம் தாங்கமுடியாமல் போனபோது, போர்க்களத்தை விட்டோடும் படைவீரனைப்போல் ஓடிப்போய்விட்டாராம்.

இன்னொரு வேளையில், நோயுற்றிருந்த கொன்சாகா தாயாரிடம் சாவிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். தாயாரை எழுப்பிவிடுவாய் என்று ஒரு சகோதரி வழிமறித்துச் சாவியைப் பிடுங்க முயன்றார். கதவருகே நடந்த இந்த இழுபறியில் தாயார் விழித்துக்கொண்டார். பழியெல்லாம் தெரேசாமேல் விழுந்தது. தம் நியாயத்தை எடுத்துச்சொல்ல நா துடித்தது. தொடங்கினால் அமைதி இழந்துவிடுவோம் என்று கண்டு, ஒன்றும் பேசாமல் விரைந்து வெளியேறினார். நெஞ்சு படபடத்ததால் அதிக தூரம் போகமுடியாமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். வீரமில்லைதான், ஆனாலும் தோற்பது உறுதியான சண்டையில் நிற்பதைவிட இது மேல் என்று அவரே சிரித்துக்கொள்கிறார். பொறுமை என்பது கல்லாகிவிடுவது என்று எண்ணுவோர் அந்த மாடிப்படியை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். கோபம் வராத பெண் அல்ல அங்கே உட்கார்ந்திருந்தவர்.

பிடிக்காத அந்தச் சகோதரி ஒருநாள் ஓய்வு நேரத்தில், என்னிடம் உனக்கு எது அவ்வளவு பிடித்திருக்கிறது, என்னைக் காணும்போதெல்லாம் சிரிக்கிறாயே என்று மகிழ்வோடு கேட்டாராம். உங்களைக் காண்பது எனக்கு மகிழ்ச்சி, அதனால் சிரிக்கிறேன் என்று தெரேசா விடை கூறினார். அவரது ஆன்மாவில் மறைந்திருந்த இயேசுவே அம்மகிழ்ச்சியின் காரணம். இவர் புனித அகுஸ்தீனாரின் தெரேசா என்ற சகோதரி என்று பிற்காலத்தில் தெரியவந்தது. உடன்பிறந்த அக்காள் மரியாவே, தங்கை தம்மைவிட அவரையே அதிகம் நேசிக்கிறாள் என்று எண்ணி மனம் வருந்தினாராம். தெரேசாவின் புனிதர் பட்ட விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் அச்சகோதரியும் ஒருவர். தங்கள் உறவைப் பற்றி அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளுக்கு, ஒரு புனித நட்பின் நினைவுகள் என்றே பெயர் வைத்தார். இதை நடிப்பு என்று சொல்லும் இளைஞர்கள் உண்டு. எம்மிடமே ஒருவர் வாதாடியிருக்கிறார். ஏழெட்டு ஆண்டுகள் ஒருவருக்காக நாள்தோறும் செபித்து, அவருக்கு வேலையும் செய்து, அவரைப் பற்றி ஒருவரிடமும் புறம் பேசாதிருப்பதற்கு நடிப்பு என்று பெயரானால், அந்த நடிப்பு நம் பங்கில் பெருகட்டும் என்று அவருக்குப் பதில் சொன்னோம்.

இங்கே ஒரு சொல் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். பொறுமை என்ற பெயரால் நாம் செய்த தவறு ஒன்று உண்டு. எமது இளங்குருத்துவ நாட்களில் ஒரு பெண் குருமனைக்கு வந்து, கணவன் குடித்துவிட்டு அடிப்பதாக அழுதார். "பொறுத்துக்கம்மா, செபம் பண்ணு, சரியாகிடும்" என்று சொல்லி அனுப்பினோம். சில மாதம் கழித்து அவரைக் கட்டுப் போட்ட கையோடு கண்டோம். அன்று நாம் போதித்தது சின்னப்பரின் பொறுமை அன்று. எமக்குத் தொல்லையில்லாத ஒரு வழி. அந்தக் கணவனை அழைத்துக் கேட்கும் துணிவு எமக்கு இருக்கவில்லை.

தெரேசாவுக்கு அத்துணிவு இருந்தது. இயேசுவின் மார்த்தா என்ற சகோதரி, கொன்சாகா தாயார்மேல் அளவுமீறிய பற்று வைத்து அலைந்துகொண்டிருந்தார். 1892 டிசம்பர் 8-ஆம் நாள் தெரேசா அவரைத் தனியே அழைத்து, இது அன்பே அல்ல, நாய் தன் எசமானிடம் கொள்ளும் பற்றுப் போன்றது என்று நேருக்கு நேர் சொன்னார். செய்தி தாயார் காதுக்கு எட்டினால் தெரேசாவை வேறு மடத்துக்கு அனுப்பிவிடக்கூடும் என்று பவுலின் அஞ்சி எச்சரித்திருந்தார். தெரிந்தேதான் பேசினார். மார்த்தா அதை ஏற்றுக்கொண்டார், திருந்தவும் செய்தார். நவகன்னியரைக் கண்டிப்பதைவிடத் தாமே ஆயிரம் கண்டனம் வாங்குவது எளிது என்ற கருத்துப்பட எழுதியவர், கண்டிக்க வேண்டிய இடத்தில் ஒருபோதும் விட்டுக்கொடுத்ததில்லை. தம்மேல் வரும் அழுக்கு நீரைத் தாங்கியவர், பிறருடைய ஆன்மாவுக்குக் கேடு வரும்போது வாய் மூடியிருக்கவில்லை.

கடைசியாக ஒருவர் இருக்கிறார். புனித சூசையப்பரின் மரியா என்ற சகோதரி. நரம்புத் தளர்ச்சியும் கட்டுக்கடங்காத கோபமும் உடையவர். இன்றைய மருத்துவர் மனநோய் என்பார். துணிகளைத் தைத்துப் பாதுகாக்கும் அறையில் அவருக்கு வேலை. அவரோடு சேர்ந்து வேலை செய்ய எவரும் முன்வரவில்லை. 1896 மார்ச்சில், அந்தத் தேர்தல் முடிந்த கையோடு, அவருக்குத் துணையாக என்னை அனுப்புங்கள் என்று தெரேசா கேட்டுப் பெற்றார். தந்தையின் நோயைக் கண்டிருந்தவர் அல்லவா! உடல் நோயாளிக்குக் காட்டும் பரிவை, மனம் புண்பட்டவர்களுக்கு ஏன் காட்டுவதில்லை என்று அவர் கேட்கிறார். குணக் குறைபாடு உள்ளவர்களை எல்லோரும் மரியாதையோடு ஒதுக்கிவைக்கிறார்கள், ஓய்வு நேரத்தில் தேடிப்போய் அவர்கள் அருகே உட்காரவேண்டும் என்கிறார். தாமும் அப்படியே செய்தார்.

1897 சூன் மாதத்தில், கொன்சாகா தாயாரின் ஆணைப்படி, பிறரன்பைப் பற்றிய கையேட்டை எழுதத் தொடங்கினார். காசநோய் முற்றியிருந்தது. தோட்டத்தில், மரநிழலில், தந்தைக்கென வாங்கிய சக்கர நாற்காலியில் அமர்ந்து எழுதினார். அது வைக்கோல் காயவைக்கும் காலம். பேனாவைக் கையில் எடுத்தவுடன், வைக்கோல் வாரும் கவைக்கோலைத் தோளில் போட்டபடி ஒரு சகோதரி வந்து நிற்பார்; பாவம் தனியாக இருக்கிறாளே என்று பேச்சுக் கொடுப்பார். வைக்கோல், வாத்து, கோழி, மருத்துவர் வந்துபோனது எல்லாம் பேசியாகவேண்டும். அவர் போனால் அடுத்தவர் வருவார். தொடர்ந்து பத்து வரி எழுத முடியவில்லை என்றும், பிறரன்பைப் பற்றி எழுதும் நேரத்தில் அதைப் பயில இப்படி வாய்ப்புக் கிடைக்கிறது என்றும் கேலியாக எழுதுகிறார். பேனா பிடிக்கவும் வலுவற்றுப் போனதால் கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். சூலை 8-இல் நோயாளர் அறைக்குக் கொண்டுபோனார்கள். செப்டம்பர் 30 மாலை இறந்தார். வயது இருபத்து நான்கு.

ஓராண்டில், 1898-இல், அவரது குறிப்புகள் நூலாயின. முதலில் அச்சிட்டவை 2000 படிகளே. பவுலின் அதைப் பெரிதும் திருத்தித்தான் வெளியிட்டார். அவர் வெளியிட்ட நூலில் செபக்கூடத்துச் சத்தம் செபமாலையினால் வருவதாக இருக்கும். தெரேசாவின் கையெழுத்துப் படியிலோ இரண்டு சிப்பிகளை ஒன்றோடொன்று உரசுவது போன்ற சத்தம் என்றிருக்கிறது. 1956-இல்தான் கையெழுத்துப் படிகள் அப்படியே வெளிவந்தன. 1925 மே 17-இல் 11-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1927-இல் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக்கினார். 1997-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். பெற்றோரான லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18-இல் புனிதர்களாயினர். மனநோய் மருத்துவமனையில் மூன்றாண்டு கிடந்த அந்தத் தந்தைதான்.

உடன் வாழ்ந்தவர்களின் கதை இவ்வளவு ஒளியோடு முடியவில்லை. புனித இராயப்பரின் சகோதரி 1895-இல் இறந்தார்; கடைசிவரை முனகிக்கொண்டே இருந்தார் என்று எண்ணுவதில் தவறில்லை. கொன்சாகா தாயார் 1904-இல் இறந்தார். புனித சூசையப்பரின் மரியா குணமடையவில்லை. தெரேசா இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1909-இல், நோயின் காரணமாக மடத்தை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. 1936-இல் காலமானார். அதற்குள் தன்னோடு துணி தைத்த பெண்ணின் சுரூபம் உலகெங்கும் பீடங்களில் ஏறியிருந்தது.

தையலறையில் இருந்த நாட்களில் தெரேசா அவருக்கு எழுதிய சில துண்டுக் கடிதங்கள் உண்டு. ஒரு குழந்தையைத் தேற்றுவதுபோல எழுதியவை. கவலைப்படாதே, தூங்கு என்கிற வகையைச் சேர்ந்தவை. அவை இன்றும் பத்திரமாக இருக்கின்றன.